விளையாட்டின் நடுவே ஸ்தம்பிக்கும் கணினி

கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், திரைப்படம் காணவும் நாள் முழுவதும் ஒரு குறையுமின்றி உழைத்த மேசைக் கணினி, விளையாட்டொன்றைத் தொடங்கி அரை மணி நேரம் செல்வதற்குள், திரையில் விரைந்தோடிய வண்டி ஓடியபடியே உறைய, ஒலிபெருக்கியில் கடைசியாகக் கேட்ட ஓசைத் துணுக்கு மட்டும் இடைவிடாது அதிர, விசைப்பலகையை எவ்வளவு தட்டினும் அசைவின்றி ஸ்தம்பித்து நின்றுவிடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். "ஹேங் ஆகிவிட்டது" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தி அணைக்கிறோம், மறுபடியும் போடுகிறோம், மறுநாளும் அதுவே நிகழ்கிறது. பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றால் அங்கே அது காலை முதல் மாலை வரை சோர்வின்றி ஓடிக் காட்டுகிறது. இதைக் கண்டு, குற்றம் விளையாட்டின் மீதுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுபவர் உண்டு. கிராபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டது என்று நிச்சயித்துப் பெருந்தொகை கொடுத்துப் புதியது வாங்கி, அதன் பின்னும் அதே ஸ்தம்பனத்தைக் கண்டு மனம் நொந்தவரும் உண்டு. இரண்டும் அநுமானங்களே, பரிசோதனையால் பெற்ற முடிவுகள் அல்ல. விளையாட்டு பெரும்பாலும் குறையை உண்டாக்குவதில்லை. யந்திரத்தில் முன்னமே மறைந்து கிடந்த குறையை அது வெளியே கொண்டுவருகிறது. அக்குறை எந்த உறுப்பில் இருக்கிறது என்பதோ, திரையில் தெரியும் லட்சணத்தைக் கொண்டு மட்டும் எளிதில் சொல்லிவிடத் தக்கதன்று.

விளையாட்டுக்கு மட்டும் இந்த விசேஷம் ஏன் என்பதை முதலில் ஆராய வேண்டும். கணினியின் மற்ற வேலைகளில் பெரும் பகுதி காத்திருத்தலே. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்தை நாம் தேடும் கால் விநாடியில், விநாடிக்கு ஐந்நூறு கோடித் துடிப்புகள் துடிக்கவல்ல சிபியு செய்வதற்கொன்றுமின்றித் தன் சக்தியைக் குறைத்துக்கொண்டு ஓய்ந்திருக்கிறது. விளையாட்டிலோ ஓய்வுக்கு இடமில்லை. விநாடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி. அதற்குள் பாத்திரங்கள் எங்கே நிற்கின்றன, எய்த குண்டு எதைத் தாக்கிற்று, ஓசை எத்திசையிலிருந்து வர வேண்டும் என்பவற்றையெல்லாம் சிபியு கணித்து முடிக்க, அவற்றுக்கு வேண்டிய விவரங்களை ராம் இடையறாது எடுத்துக் கொடுக்க, கிராபிக்ஸ் கார்டு சாதாரணத் திரையிலுள்ள 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நிறத்தை நிர்ணயித்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். 2020-இல் வெளிவந்த என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டின் சில்லில் 2,830 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. சும்மா இருக்கையில் இருபது முப்பது வாட்டோடு திருப்தியடையும் அந்தக் கார்டு, விளையாட்டுத் தொடங்கியதும் 320 வாட் வரை இழுக்கிறது. ஆக, சிபியு, ராம், கிராபிக்ஸ் கார்டு, அவற்றுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., அவற்றின் உஷ்ணத்தை வெளியேற்றும் விசிறிகள் ஆகிய யாவும் ஏககாலத்தில் தத்தம் எல்லைக்கு அருகே நின்று உழைக்கும் சந்தர்ப்பம் வீட்டுக் கணினிக்கு விளையாட்டில்தான் வாய்க்கிறது. கடைக்காரர் விண்டோஸை மட்டும் ஓடவிட்டுப் பார்த்து யாதொரு குறையுமில்லை என்று சொல்வது பொய்யன்று. அவர் பார்த்த வேலையில் குறை வெளிப்படுவதற்குக் காரணம் இல்லை, அவ்வளவே.

ஸ்தம்பித்தல் என்று நாம் ஒரே பெயரால் சொல்லுவது உண்மையில் பலவகைப்படும். இவற்றைப் பிரித்தறிவதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. கண்ணும் காதும் போதும். முதலில் ஒலியைக் கவனிக்க வேண்டும். ஒலிக்குரிய சாதனம், ராமில் வட்டமாக அமைந்த ஒரு சிறு பகுதியிலிருந்து ஒலியைத் தானே வாசித்துக்கொண்டு செல்கிறது. அந்த வட்டத்தில் புதிய ஒலியை முன்கூட்டியே நிரப்பிக்கொண்டிருப்பது சிபியுவின் கடமை. சிபியு நின்றுவிட்டால் நிரப்புவார் இல்லை, வாசித்தலோ நிற்பதில்லை; ஆதலின் கடைசியாக எழுதப்பட்ட துணுக்கே மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. அவ்வதிர்வு கேட்குமாயின் யந்திரம் முழுவதும் நின்றுவிட்டது என்று கொள்ளலாம். படம் மட்டும் உறைந்து இசை தடையின்றித் தொடருமாயின், சிபியு உயிரோடிருக்கிறது, கிராபிக்ஸ் கார்டோ அதன் டிரைவரோதான் சிக்கிக்கொண்டது என்பது தெளிவு. கேப்ஸ் லாக் விசையும் இவ்வாறே ஒரு சாட்சி: அதன் சிறு விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் விசைப்பலகை அன்று, விண்டோஸ், எனவே விசையைத் தட்டும்போது விளக்கு மாறினால் விண்டோஸ் உள்ளே விழித்திருக்கிறது. அந்நிலையில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி என்னும் நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திரை ஒருமுறை கறுத்து மீண்டும் படம் வந்துவிடுவதும் உண்டு. யந்திரம் உறையாமல் தானே அணைந்து எழுந்தாலோ, அல்லது ஒரேயடியாக அணைந்துவிட்டாலோ, அது வேறொரு விசாரணை. அங்கே முதற் சந்தேகம் மின்சாரத்தின் மீது செல்ல வேண்டும்.

உள்ளே ஒரு பகுதி சிக்கிக்கொண்டது என்பதை விண்டோஸ் எவ்வாறு அறிகிறது என்ற கேள்வி, பார்ப்பதற்குச் சிறியதாயினும், கணித சாஸ்திரத்தின் ஆழமான ஓரிடத்தைத் தொடுகிறது. ஒரு நிரல் என்றேனும் முடிவுறுமா, முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருக்குமா என்பதை எல்லா நிரல்களுக்கும் பொதுவாகத் தீர்த்துச் சொல்லும் உபாயம் ஒன்று இருக்க முடியாது என்று ஆலன் டூரிங் 1936-இல் நிரூபித்தார். ஆகவே விண்டோஸுக்கு எஞ்சிய ஒரே வழி, ஒரு கால எல்லையை வைத்துக்கொண்டு காத்திருப்பது. ஒரு ஜன்னல் ஐந்து விநாடி பதில் தராவிட்டால் அது செயலிழந்ததாகக் கருதப்படுகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கோ, விஸ்டா காலம் முதல், கொடுக்கப்படும் தவணை இரண்டே விநாடி. அதற்குள் இட்ட பணியை முடிக்காவிட்டால், டிரைவரை நிறுத்திக் கார்டைப் புதிதாகத் தொடங்கிவிடுகிறது. சில விநாடி உறைந்து, கறுத்து, பிறகு விளையாட்டு மூடப்பட்டு மேசைத் திரை தெரியும் அநுபவத்துக்குக் காரணம் இதுவே. அந்தத் தவணையைப் பத்து விநாடியாக நீட்டிவிட்டால் தொல்லை தீரும் என்று யோசனை சொல்வோர் பலர். நான் அதை ஆதரிப்பதில்லை. இரண்டு விநாடி என்பது 120 படங்களுக்குரிய காலம். அதற்குள் ஒரு படத்தை முடிக்க இயலாத கார்டுக்கு மேலும் எட்டு விநாடி தந்தால், நோயை மறைக்கலாமே தவிர நீக்க இயலாது.

ஸ்தம்பனத்துக்குப் பின் கணினி எழுந்ததும், விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவேடாகிய ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அதை வாசிப்பதில் நிதானம் வேண்டும். அங்கே 'கெர்னல் பவர் 41' என்ற சிவப்புக் குறிப்பைக் கண்டதும், மின்சாரத்தில்தான் கோளாறு என்று எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றியவர்கள் எத்தனையோ பேர். அக்குறிப்பின் பொருள், முந்திய முறை கணினி ஒழுங்காக மூடப்படவில்லை என்பதே. உறைந்த யந்திரத்தை நாமே பொத்தானை அழுத்தி அணைத்தோமல்லவா, அந்தச் செயலும் அவ்வாறே பதிவாகிறது. காரியத்தைக் காரணமாகக் கொள்ளும் இப்பிழை தர்க்க நூலார் பண்டே எச்சரித்தது. இதற்கு மாறாக, 'வியா லாகர்' என்ற பெயரில் வரும் குறிப்புகள் மதிப்புடையவை; அவை சிபியுவோ அதனோடு இணைந்த பாதைகளோ தம்முள் கண்ட வன்பொருள் பிழையைத் தாமே அறிவித்தவை.

இனி உஷ்ணம். ஸ்தம்பித்தல் என்றவுடன் எல்லோர் வாயிலும் முதலில் வருவது இதுவே. ஒரு சில்லு செலவிடும் சக்தி அதன் துடிப்பு வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப உயர்கிறது. செலவிட்ட சக்தி யாவும் இறுதியில் உஷ்ணமாகவே வெளிவருகிறது. அவ்வுஷ்ணம் அறைக் காற்றில் கலக்க வேண்டியிருப்பதால், சில்லின் உஷ்ண நிலை எப்போதும் அறையின் உஷ்ண நிலைக்கு மேல் ஒரு குறிப்பிட்ட ஏற்றமாகவே அமையும். 25 டிகிரி அறையில் 75 டிகிரி காட்டும் சிபியு, சித்திரை மாதத்து வேலூரில் மூடிய அறை 38 டிகிரியை எட்டும்போது, வேறெந்த மாற்றமுமின்றி 88 டிகிரி காட்டும். விசிறியின் இதழ்களிலும் உலோகத் தகடுகளின் இடுக்குகளிலும் புழுதி படிந்து, சிபியுவுக்கும் தகட்டுக்கும் இடையே தடவிய தெர்மல் பேஸ்ட் ஆண்டுகள் கடந்து உலர்ந்துபோனால், ஏற்றம் 50 டிகிரியிலிருந்து 60 ஆகலாம்; அப்போது 98. பல இன்டெல் சிபியுக்களுக்கு உரிய எல்லை 100 டிகிரி, ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைக்கு 95.

ஆயினும் எல்லையை அடைந்தவுடன் யந்திரம் உறைந்துவிடும் என்று எண்ணுவது பழங்காலத்து நினைவு. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற கணினி ஏடு, சிபியுக்கள் உழைத்துக்கொண்டிருக்கையில் அவற்றின் மீதிருந்த குளிர்விக்கும் தகட்டையும் விசிறியையும் பெயர்த்தெடுத்து என்ன நிகழ்கிறதென்று படம் பிடித்துக் காட்டிற்று. ஏ.எம்.டி.யின் அத்லான் புகைந்து மாண்டது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. பென்டியம் 4 மட்டும் தன் வேகத்தைத் தானே தாழ்த்திக்கொண்டு தளர்நடையாக ஓடிக்கொண்டிருந்து, தகட்டை மீண்டும் வைத்ததும் பழைய வேகத்தைப் பெற்றது. இன்றைய சிபியுவும் கிராபிக்ஸ் சில்லும் இக்கடைசி வழியையே கைக்கொள்கின்றன. ஆதலின் உஷ்ணம் மிகும்போது விளையாட்டு படிப்படியாக மந்தமாவது இயல்பு. யாதொரு மந்தமுமின்றி ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், உஷ்ணத்தை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. எனினும் கண்காணிப்பு இல்லாத மூலைகளும் உண்டு: மதர்போர்டில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் பகுதி, எஸ்.எம்.பி.எஸ்ஸின் உட்புறம், பழைய கார்டுகளில் நினைவகச் சில்லுகள் ஆகியவை சூடேறுவதை நாம் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஓர் எளிய பரிசோதனை உண்டு. கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, மேசை விசிறி ஒன்றை உள்நோக்கி வேகமாகச் சுழலவைத்து விளையாடிப் பார்க்க வேண்டும். ஸ்தம்பனம் மறைந்தால் விசாரணை முடிந்தது. மறையாவிட்டால் உஷ்ணத்தை ஒதுக்கிவிட்டு அப்பால் செல்லலாம். வேறெந்தச் செலவும் செய்யுமுன் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மின்சாரம் இதைவிட நுட்பமான விஷயம். எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட், ஏ.டி.எக்ஸ். விதிப்படி ஐந்து சதவீதத்துக்கு மேல் மாறலாகாது; அதாவது 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 300 வாட் இழுக்கும் கார்டுக்கு 25 ஆம்பியர் பாய வேண்டும். இணைப்பு முனை சரியாகப் பொருந்தாமல் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை மட்டும் அங்கே நேர்ந்தாலும், கால் வோல்ட் அவ்விடத்தில் குறைவதோடு, ஆறு வாட்டுக்கு மேல் அச்சிறு முனையிலேயே உஷ்ணமாகி, முனையை மேலும் கெடுக்கிறது. சில்லின் உள்ளே சென்றால் கணக்கு இன்னும் கடுமையானது: அங்கே அழுத்தம் ஏறத்தாழ ஒரு வோல்ட்டே ஆதலால் ஓட்டம் இருநூறு ஆம்பியரையும் தாண்டும். வீட்டில் கிணற்று மோட்டாரைப் போட்ட கணத்தில் கூடத்து விளக்கு ஒருமுறை மங்கி எழுவது போலவே, விளையாட்டில் ஒரு வெடிப்போ புதிய காட்சியோ தோன்றிக் கார்டு திடீரென்று சக்தியை இழுக்கும் கணத்தில், அழுத்தம் சில மைக்ரோ விநாடி தாழ்ந்து எழுகிறது. தாழ்ந்த அழுத்தத்தில் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகவே நிலை மாறுகின்றன. 550 கோடித் துடிப்பு வேகத்தில் ஒரு துடிப்புக்குரிய காலம், ஒளியே ஐந்தரை சென்டிமீட்டர் மட்டும் செல்லும் காலம். அதற்குள் வந்து சேர வேண்டிய ஒரு பிட் வந்து சேராவிட்டால் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று பதிவாகிவிடும். அந்த ஒரு பிட் ஒரு நிறத்தைச் சேர்ந்ததாயின் நாம் அறியவே மாட்டோம்; அடுத்த கட்டளை இருக்கும் முகவரியைச் சேர்ந்ததாயின், யந்திரம் இல்லாத ஊருக்குப் புறப்பட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்தக் கணநேரத் தாழ்ச்சியைக் கடைகளில் விற்கும் மல்டிமீட்டர் காட்டாது. அது பல மில்லி விநாடிகளின் சராசரியைச் சொல்லும் கருவி. 2022-இல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0 விதி, தனக்குரிய அளவைப் போல் இரு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ விநாடி வரை எஸ்.எம்.பி.எஸ். தாங்க வேண்டும் என்று கட்டளையிட்டதிலிருந்தே, புதிய கார்டுகள் எவ்வாறு துள்ளுகின்றன என்பதை ஊகிக்கலாம். நம்மால் ஆகக்கூடியவை சில. கார்டில் இரண்டு எட்டு முனை இணைப்புகள் இருந்தால், ஒரே வயரின் கிளைகளைச் செருகாமல், தனித்தனி வயர்களைக் கொடுக்க வேண்டும். கார்டின் சக்தி எல்லையை நூற்றுக்கு எழுபதாகக் குறைத்து விளையாடிப் பார்க்கலாம், எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் போன்ற இலவச நிரல்கள் இதற்கு உதவும். நம் ஊர்களில் மேசைக்கடியில் இருக்கும் யு.பி.எஸ்ஸையும் மறத்தலாகாது: 600 வி.ஏ. என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கவல்லது. விளையாட்டுக் கணினியோடு மானிட்டரையும் சேர்த்து அதில் மாட்டியிருப்பவர், ஒரு நாள் நேரே சுவர்ச் செருகியில் கொடுத்துப் பார்க்கட்டும்.

ராமைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் ஸ்தம்பனத்துக்குக் காரணமான உறுப்புகளுள் இதுவே அடிக்கடி தப்பித்துக்கொள்கிறது. ராபர்ட் டென்னார்டு என்ற ஐ.பி.எம். விஞ்ஞானி 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரின் பின்னே மிகச் சிறு கெபாசிட்டரில் தங்கும் மின்னேற்றமாகவே சேமிக்கப்படுகிறது. 16 ஜி.பி. ராமில் இத்தகைய கெபாசிட்டர்கள் ஏறத்தாழ 13,700 கோடி. மின்னேற்றமோ நிலையானதன்று, கசிந்துகொண்டே இருப்பது, ஆதலின் டி.டி.ஆர்.4 வகையில் 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வாசித்து மறுபடி நிரப்ப வேண்டியிருக்கிறது. 85 டிகிரிக்கு மேல் கசிவு மிகுவதால் அவகாசம் பாதியாகிறது. இவ்வளவு நிலையற்ற பொருள் மீது இவ்வளவு நிலையான கணிதம் நிற்பதே பெரும் வியப்பு. அது எப்போதும் நிற்பதும் இல்லை: 1970-களின் இறுதியில் இன்டெலைச் சேர்ந்த டிமோதி மே, மரே வுட்ஸ் என்ற இருவர், சில்லின் உறையிலேயே கலந்திருந்த கதிரியக்கப் பொருளின் ஆல்பா துகள்கள் ராமிலுள்ள பிட்டுகளைப் புரட்டிவிடுவதைக் கண்டறிந்தனர். கூகுளின் கணினி நிலையங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓராண்டுக் காலத்தில் எட்டு சதவீதத்துக்கு மேற்பட்ட ராம் ஸ்டிக்குகள் பிழை காட்டியதாகத் தெரிவிக்கிறது. அந்நிலையங்களில் பிழையைத் திருத்தும் அமைப்புள்ள ராம் உண்டு. நம் வீட்டுக் கணினியில் பெரும்பாலும் அது இல்லை.

இயற்கையாக உள்ள இவ்வபாயத்தோடு நாமே சேர்த்துக்கொள்வதும் ஒன்றுண்டு. பெட்டியின் மீது 3600 என்று அச்சிட்ட டி.டி.ஆர்.4 ராம், எக்ஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டைப் பயாஸில் இயக்கிய பின்னரே அவ்வேகத்தில் ஓடும்; அழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35 ஆக உயரும். விற்போர் இதைச் சாதாரண வேகம்போல் விளம்பரம் செய்தாலும், இது விதிக்கப்பட்ட அளவைக் கடந்த ஓட்டமே; குறிப்பிட்ட ராமும் மதர்போர்டும் சிபியுவும் மூன்றும் ஒத்துழைத்தால்தான் நிலைக்கும். ஆகவே சந்தேகம் எழுந்தவுடன் எக்ஸ்.எம்.பி.யை நீக்கிவிட்டு விளையாடிப் பார்ப்பது, மேசை விசிறிப் பரிசோதனைக்கு அடுத்தபடியாகச் செலவில்லாத சோதனை. பிறகு கிறிஸ் பிரேடி 1994-இல் இயற்றிய மெம்டெஸ்ட் 86 என்ற நிரலை யு.எஸ்.பி. டிரைவிலிருந்து தொடங்கி ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். அது விண்டோஸின் தயவின்றித் தானே ராமில் கோலங்களை எழுதி, மீண்டும் வாசித்து ஒப்பிடுகிறது. ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழையே. "ஒன்றுதானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை. பழுது பார்ப்போர் ராம் ஸ்டிக்கைக் கழற்றி, பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்த்து, மீண்டும் செருகும் வழக்கத்தால் பல கணினிகள் உயிர் பெற்றதுண்டு. பலன் தந்தது பெரும்பாலும் கழற்றிச் செருகியதே என்று நான் கருதுகிறேன். முனைகளின் மீதுள்ள பொன் பூச்சு மிக மெல்லியது, அதைத் தேய்ப்பதில் நன்மையைவிடத் தீமைக்கே இடம் அதிகம்.

மென்பொருளைப் பற்றி மிகச் சொல்ல வேண்டியதில்லை. கிராபிக்ஸ் டிரைவரைப் பழையதன் சுவடின்றி நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுதல், விளையாட்டின் மேல் மிதக்கும் துணை நிரல்களை நிறுத்துதல், பயாஸைப் புதுப்பித்தல் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. கடைசியாகச் சொன்னதன் அவசியத்துக்கு ஓர் உதாரணம்: 2022-இல் சில ரைசன் கணினிகள் விளையாட்டின் நடுவே இடையிடையே சற்று நின்று நின்று ஓடியதற்குக் காரணம், கார்டும் அன்று, ராமும் அன்று, மதர்போர்டிலுள்ள சிறு நினைவகச் சில்லோடு எஃப்.டி.பி.எம். என்ற பாதுகாப்புப் பகுதி நடத்திய நீண்ட பரிமாற்றமே என்று ஏ.எம்.டி. அறிவித்து, புதிய பயாஸ் வழியாக அதைத் தீர்த்தது.

இத்தனை சந்தேகங்களுள் உண்மையைப் பிரிப்பதற்குரிய முறையே இவ்வத்தியாயத்தின் உயிர்நாடி. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டிரைவரை மாற்றி, எக்ஸ்.எம்.பி.யை நீக்கி, புழுதியும் துடைத்த ஒருவர் குறை தீர்ந்ததென்று மகிழலாம். எது தீர்த்ததென்று அவருக்குத் தெரியாது, ஆதலால் அது திரும்பி வரும்போது அவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார். உறுப்புகளைத் தனித்தனியே உழைக்கவைத்தும் பார்க்கலாம். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய முயற்சிக்கென எழுதப்பட்ட பிரைம் 95 என்ற நிரல், சிபியுவையும் ராமையும் மட்டும் கடுமையாக உழைக்கவைத்து, விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துத் தவறைக் கண்டுபிடிக்கிறது. ஃபர்மார்க் என்ற நிரல் கிராபிக்ஸ் கார்டை மட்டும் வாட்டுகிறது. ஒன்று தனியே தோற்றால் குற்றவாளி அகப்பட்டான். இரண்டும் தனியே வென்று, இரண்டையும் ஒருங்கே ஓட்டும்போது மட்டும் யந்திரம் வீழ்ந்தால், இருவருக்கும் பொதுவாகச் சோறிடுவதாகிய எஸ்.எம்.பி.எஸ்ஸின் மீதே சந்தேகம் விழுகிறது.

ஸ்தம்பனம் நிகழும் நேரங்களைக் குறித்துவைப்பதும் மிகப் பயனுடையது; இதைச் செய்பவர் மிகச் சிலர். தொடங்கி இருபது முப்பது நிமிஷத்துக்குள் எப்போதும் நேர்ந்தால், ஏதோ ஒன்று சூடேறி ஓர் அளவை எட்டுகிறது என்பது பொருள். ஒரு நாள் இரண்டாம் நிமிஷத்திலும், மறுநாள் மூன்று மணி நேரம் கழித்தும் ஒழுங்கின்றி நேர்ந்தால், அது யதேச்சையாக விழும் பிழை. ராமும் மின்சாரமும் அவ்வகை. இவ்வகைப் பிழையில் ஒரு மயக்கம் உண்டு. சராசரி இரண்டு மணிக்கு ஒருமுறை உறையும் கணினியில் ஏதோ ஒரு மாற்றம் செய்துவிட்டு, இரண்டு மணி நேரம் தடையின்றி விளையாடியவுடன் வெற்றி என்று அறிவித்துவிடுகிறோம். நிகழ்தகவுக் கணிதப்படி, மாற்றம் யாதொரு பயனும் தராதிருந்தாலும் இரண்டு மணி நேரம் உறையாமல் ஓடுவதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 37. நான்கு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 14; ஆறு மணி நேரத்துக்கு ஐந்து. சராசரி இடைவெளியைப் போல் மும்மடங்கு காலமேனும் ஓடிய பின்னரே நம்பிக்கை கொள்ளத் தகும் என்பது இதனால் பெறப்படும். கடையில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டியதை ஏற்றுக்கொண்டு பணம் கொடுத்துவிட்டு வருவோர் இக்கணக்கை நினைவிற் கொள்வாராக.

தெரியும் லட்சணம் ஓரிடத்திலும் மெய்யான காரணம் மற்றோரிடத்திலும் இருப்பதற்கு, அண்மைக் காலத்தில் உலகறிய நிகழ்ந்த ஒன்றைவிடச் சிறந்த சான்று இல்லை. இன்டெல் 2022, 2023 ஆண்டுகளில் வெளியிட்ட 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிபியுக்களுள் விரைவு மிக்கவற்றை வாங்கியவர் பலர், அன்ரியல் எஞ்சினில் அமைந்த விளையாட்டுகள் தொடங்கும்போதே வீழ்வதைக் கண்டனர். திரையில் வந்த அறிவிப்போ, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்றது. 24 ஜி.பி. நினைவகமுள்ள கார்டு வைத்திருந்தவருக்கும் அதே அறிவிப்பு! இயல்பாகவே கார்டையும் அதன் டிரைவரையும் எல்லோரும் சந்தேகித்தனர். விளையாட்டின் தரவுகளைச் சுருக்கி விரிக்கும் ஊடில் என்ற நிரலை ஆக்கிய ராட் கேம் டூல்ஸ் நிறுவனம், விரித்தெடுக்கும் கணக்கிலேயே சிபியு சில வேளை தவறான விடை தருகிறது என்று 2024-இல் எடுத்துரைத்தது. சிபியுவின் துடிப்பு வேகத்தை 55 மடங்கிலிருந்து 53 ஆகச் சற்றே தாழ்த்தியதும் பலருக்கு விளையாட்டு தடையின்றி ஓடிற்று. கார்டைத் தொடாமலே குறை நீங்கியதால், குற்றம் கார்டினுடையது அன்று என்பது ஒரே பரிசோதனையில் நிலைநாட்டப்பட்டது.

அவ்வாண்டு ஜூலையில், சிபியுவினுள் இருக்கும் மைக்ரோகோடு தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றுவந்ததை இன்டெல் ஒப்புக்கொண்டது. செப்டம்பரில், அவ்வழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்று காலத்துக்கு முன்பே மூப்படைகிறது என்று விளக்கிற்று. வாங்கிய புதிதில் குறையற்றிருந்து சில மாதங்களில் தடுமாறத் தொடங்கிய காரணம் இதனால் விளங்கும். ஆகஸ்டில் வந்த திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது; செப்டம்பரில் வந்தது, வேலையற்றிருக்கும் நேரத்திலும் அழுத்தம் உயர்வதைத் தடுத்தது. இவை இனி வரும் தேய்வை நிறுத்துமேயன்றி, நேர்ந்துவிட்ட தேய்வை மீட்பதில்லை. ஆகையால் அத்தலைமுறைச் சிபியுவை உடையவர்கள் முதலில் மதர்போர்டு நிறுவனத்தின் புதிய பயாஸை நிறுவிக்கொள்ள வேண்டும். அதன் பின்னும் வேகத்தைத் தாழ்த்தினாலன்றி விளையாட்டு நிலைக்கவில்லையாயின், பெட்டியில் வாங்கிய சிபியுக்களுக்கு மூன்றாண்டாக இருந்த உத்தரவாதத்தை இன்டெல் மேலும் இரண்டாண்டு நீட்டியிருப்பதைக் கொண்டு, வேறு சிபியு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.